அது எந்தக் கிணற்றுத் தண்ணீர்?

7

ஜஹீதா முதலில் கேட்டது ஒரு சோப்புக் கட்டி.

முத்துலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துப்பறிகிறவள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. நேரே பின்பக்கம் போனாள். குளியலறை வாளியைக் கவிழ்த்தாள். அதன் அடியில் படிந்திருந்த வெள்ளைக் கறையை நகத்தால் சுரண்டினாள். அப்புறம் சோப்பு கேட்கிறாள்.

"துணி சோப்பா, மேலுக்குப் போடுததா?"

"மேலுக்குப் போடறதே குடுங்கம்மா."

"பயப்படாதீங்கம்மா," என்றான் ஜஹீதாவின் உதவியாளும் கார் ஓட்டியுமான விக்கி. "மேடம் குளிச்சிட்டுதான் வந்தாங்கோ. நான்தான் குளிக்கல. என்னை யாரும் கேக்கமாட்டேன்றாங்க."

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

கொட்டிவாக்கத்தில், ஈசிஆரிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் தெரு ஒன்றில் இருந்தது வீடு. முன்னால் முத்துலட்சுமியின் கணவர் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடை, பின்னால் குடித்தனம். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, கடை போட்டு, வீடு கட்டி, மகளைக் கட்டிக்கொடுத்தவர்கள். வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் 'கடலொளி பவர்' என்ற தனியார் மின் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர் யார்டு. பக்கத்து அலுவலக வளாகம் முழுவதற்கும் அங்கிருந்துதான் கரண்ட். சுவருக்கு இந்தப் பக்கம் கிணறு.

போன மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரின் மேல் எண்ணெய் வண்ண வண்ணமாக மிதந்தது. ராஜரத்தினம் போய்ச் சத்தம் போட்டார். நிறுவனம் வாதாடவில்லை. மின் நிறுவனங்களுக்கு எண்ணெய், மண், தண்ணீர் எல்லாம் சோதித்துக் கொடுக்கும் ஸ்படிகம் லேபுக்குச் சொல்லியனுப்பியது. ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஆள் வந்து தண்ணீரை எடுத்துப் போனான். தண்ணீர் சுத்தம் என்று பதில் வந்தது. எண்ணெயும் தானாக மறைந்திருந்தது. குடும்பம் பழையபடி அதைக் குடிக்க ஆரம்பித்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தாரணியும் குடித்தாள்.

குழந்தை எடை குறைந்து பிறந்தது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, யார்டிலிருந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்ற வந்த ஆள் ஒருவன், கையுறையோடு டீ குடித்துக்கொண்டே தெருமுனையில் சொன்னான்: இதில் இருப்பது பிசிபி கலந்த எண்ணெய், உலகமெல்லாம் தடை செய்தது, கையில் படக்கூடாது.

கையில் படக்கூடாதது கிணற்றில் கலந்தும் லேப் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று? அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி ஜஹீதாவிடம் வந்தவள் அந்த வீட்டைச் சேர்ந்தவள் இல்லை. அந்தத் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட சிம்ரா. இப்போது தெருக்கோடியில், ஜஹீதாவின் பழைய காருக்குள் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குள் வரத் தைரியம் இல்லை.

முத்துலட்சுமி சோப்போடு வந்தாள்.

"அந்தக் கிணத்துத் தண்ணி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள் ஜஹீதா. "நுரை வருமா?"

"எங்க வரும். குடிக்க அம்புட்டு ருசியா இருக்கும். சோப்பு போட்டா மட்டும் பால் திரிஞ்ச மாதிரி திரியும். தாரணிக்குத் தலைக்கு ஊத்தணும்னா கேன் தண்ணி வாங்கித்தான் ஊத்துவேன். துவரம்பருப்பு லேசுல வேகாது, பாத்துக்கிடுங்க."

"மழைக்காலத்துல?"

"அப்பமும் அதே கததான்."

ஜஹீதா பின்பக்கம் பார்த்தாள். கிணறு இருந்த இடத்தில் வட்டமாகச் சிமெண்ட் பூசியிருந்தது. மேலே துணி உலர்த்தும் கம்பி.

"மூடினது யாரு?"

"எங்க வீட்டு அவுகதான். அந்த ஆளு சொன்னதக் கேட்ட அன்னைக்கே கட்டட இடிபாட்ட லாரில கொண்டாந்து கொட்டிட்டாக. இனி இதுலேருந்து ஒரு சொட்டு என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நின்னாக. நான் என்னத்தச் சொல்ல?"

"இருந்த ஒரே சாட்சி," என்று விக்கி ஜஹீதாவின் காதருகே சொன்னான். "அதையும் அப்பாவே அடக்கம் பண்ணிட்டாரு."

தாரணி வாசற்படியில் வந்து நின்றாள். தோளில் குழந்தை. அது தூக்கத்தில் உதட்டைக் குவித்து எதையோ உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"மேடம், தண்ணியில அது இருந்துச்சான்னு தெரிஞ்சா எனக்கு முதல்ல சொல்லுங்க. அப்பாவுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். அவர் தாங்க மாட்டாரு."

"நீ தாங்குவியா?"

"தெரியாம இருக்கறதைத்தான் தாங்க முடியல," என்றாள் தாரணி.

ஜஹீதா சோப்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள்.

காருக்குள் சிம்ரா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில். சோதித்தது போக மிஞ்சிய தண்ணீரை லேபில் கொஞ்ச காலம் குளிரில் வைத்திருப்பார்கள். பழையதையெல்லாம் கொட்டிவிடச் சொல்லி மேனேஜர் ராகவேந்திரன் சொன்னபோது, இதை மட்டும் அவள் எடுத்து மறைத்திருந்தாள்.

"ஒரு ஸ்பூன் போதும்," என்றாள் ஜஹீதா.

"ஆப்பா, இதுல பாதி பாட்டில்தான் இருக்கு. வேற ஆதாரம் கிடையாது." ஜஹீதாவை அவள் அக்கா முறையில் ஆப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஒரு ஸ்பூன்தான் கேட்டேன்."

சிம்ரா மனமில்லாமல் ஊற்றினாள். ஜஹீதா ஈரக் கையில் சோப்பைத் தேய்த்தாள். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. விரல்கள் மறைந்து, மணிக்கட்டு வரை ஏறி, சீட்டில் சொட்டியது.

மூவரும் அதையே பார்த்தார்கள்.

"துப்புத் துலக்கறதுன்னா இன்னான்னு இத்தினி வருஷம் எனக்குப் புரியல மேடம்," என்றான் விக்கி. "சோப்பு போட்டுதான் துலக்கணுமா?"

"இது அந்தக் கிணத்துத் தண்ணி இல்ல," என்றாள் ஜஹீதா.

சிம்ராவின் முகம் வெளுத்தது. "மழைத் தண்ணி நிறைய சேர்ந்திருந்தா..."

"அதையும் பார்த்திடலாம். விக்கி, நீ குடிக்கிற தண்ணி பாட்டிலைக் கொடு."

ஜஹீதா கீழே இறங்கினாள். பங்குனி வெயிலில் காரின் கறுப்பு பானெட் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. துணியால் ஓர் இடத்தைத் துடைத்தாள். விக்கியின் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு கேன் தண்ணீர். பக்கத்தில் சிம்ராவின் பழுப்பு பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு. இரண்டும் சுருங்கிச் சுருங்கிக் காய்ந்தன. கேன் தண்ணீர் இருந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம் நின்றது. மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. அங்கே ஒரு சொட்டு இருந்ததற்கே அடையாளம் இல்லை.

"கிணறு, மழை, கேன், குழாய். எந்தத் தண்ணியும் ஏதாவது ஒரு கறையை வச்சிட்டுத்தான் போகும்," என்றாள் ஜஹீதா. "ஒண்ணுமே வைக்காத தண்ணி எங்கம்மா கிடைக்கும்?"

சிம்ரா மடியிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"எங்க லேப்ல," என்றாள். "மெஷின்ல வடிக்கிறோம். சாம்பிள் எடுக்க வெளிய போறவங்ககிட்ட அதுல ஒரு பாட்டில் நிரப்பிக் குடுத்து அனுப்புவோம். பிளாங்க்னு பேரு. அது சும்மா கூடப் போயிட்டு வரும். வழியில பாட்டில்ல வெளி அழுக்கு ஏறுதான்னு பார்க்கறதுக்கு."

"சும்மா போயிட்டு சும்மா வரணுமா?" என்றான் விக்கி. "அந்த வேலை காலியா கீதா?"

சிம்ரா அவனைக் கவனிக்கவில்லை. "என் லேப் தண்ணியையே நான் சோதிச்சிருக்கேன் ஆப்பா. சுத்தமா இருக்குன்னு கையெழுத்து போட்டிருக்கேன்."

"அன்னைக்கு பிளாங்க் திரும்பி வந்துச்சா?"

"வரல. வழியில உடைஞ்சிடுச்சுன்னு சொன்னான்."

"யாரு?"

"அஸ்வத். சாம்பிள் எடுக்கறவன். ரிப்போர்ட் போனதுமே வேலையை விட்டுட்டான். இப்போ டி.நகர்ல இருக்கறதா லேப்ல பேசிக்கிட்டாங்க."

விக்கி சாவியைத் திருகினான். "கத முடிஞ்சுபோச்சு மேடம். கரண்ட் கம்பெனிக்காரன் கையில பெருசா துட்டு அமுக்கியிருப்பான். இவன் பாட்டிலை மாத்திட்டு, வேலையை விட்டுட்டு, டி.நகர்ல ஃபிளாட்டு வாங்கிக்கினு ஏசியில படுத்துக்கினு கீறான்."

ஜஹீதா உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் பல வருஷம் பொய் விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தவள் அவள். முன்கூட்டியே திட்டம் போட்டு வருகிறவன் எங்கேயோ நல்ல கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்திருப்பான். கையிலிருந்த பிளாங்க்கை ஏன் பயன்படுத்த வேண்டும்? அது திட்டம் போட்டவன் செய்கிற காரியமாகத் தெரியவில்லை. வேறு வழி தெரியாதவன் செய்கிற காரியமாகத் தெரிந்தது.

டி.நகரில் உஸ்மான் சாலைப் பக்கத்துப் பாத்திரக் கடையில், மூன்றாவது மாடியில், அஸ்வத் ஒரு தம்பதிக்கு இட்லிப் பானையின் தட்டுகளைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"ஃபிளாட்டு கொஞ்சம் சின்னதா கீது," என்று விக்கி முணுமுணுத்தான்.

அஸ்வத் நிமிர்ந்தான். சிம்ராவைப் பார்த்தான். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடியைப் போட்டு, பக்கத்திலிருந்த விற்பனையாளரிடம் நகர்த்தினான். யார் என்ன என்று கேட்கவில்லை. அவர்களுக்கு முன்னால் அவனே படியிறங்கினான். இறங்கும்போது இடது காலைச் சற்று இழுத்து வைத்தான்.

பனகல் பார்க்கில் மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

"கொட்டிவாக்கம் தானே மேடம்?" என்றான்.

"நீயே சொல்லு," என்றாள் ஜஹீதா.

"கிணத்துலேருந்து ரெண்டு பாட்டில் ஒழுங்காத்தான் எடுத்தேன். திருவான்மியூர் சிக்னல்ல முன்னாடி போன பஸ் திடீர்னு நின்னுது. வண்டியோட விழுந்துட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்தா கிணத்துத் தண்ணி பாட்டில் ரெண்டும் தூள். பிளாங்க் மட்டும் அப்படியே இருக்கு."

"திரும்பிப் போய் எடுக்கறதுக்கு இன்னா?" என்றான் விக்கி.

"முட்டி வீங்கி நிக்கவே முடியல. அதுக்கு முன்னாடியும் ஒரு தபா உடைச்சிருக்கேன். இன்னொரு தபா உடைச்சா அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு ராகவேந்திரன் சார் சொல்லியிருந்தாரு. கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல அப்போ." அவன் முழங்காலைத் தடவிக்கொண்டான். "கிணத்து லேபிளை உரிச்சு பிளாங்க் மேல ஒட்டினேன்."

"கடலொளிக்காரங்க யாரு உன்கிட்ட பேசினது?"

"யாரும் பேசல மேடம். அங்க வாட்ச்மேனைத் தவிர யாரையும் நான் பார்த்ததே இல்ல. அவங்களுக்கு என்ன தெரியும்? லேப் சுத்தம்னு சொல்லிச்சு, அவங்களும் நம்பிட்டாங்க."

காலையிலிருந்து துரத்தி வந்த வில்லன் அந்த இடத்தில் காணாமல் போனான். ஒரு பஸ், ஒரு பிரேக், வீங்கிய முட்டி. கேஸ் அவ்வளவுதானா?

"ஆனா அப்படியே விட்டுடணும்னு நினைக்கல," என்றான் அஸ்வத். அவன் இப்போது சிம்ராவைப் பார்த்துப் பேசினான். "எனக்கு ஒரே நாள்தான் தேவைப்பட்டுச்சு மேடம். மறுநாள் காலைல போய் புதுசா எடுத்துட்டு வந்து, பாட்டிலை மாத்தி வச்சிடலாம்னு இருந்தேன். சாம்பிள் வந்தா நீங்க வரிசைப்படிதான எடுப்பீங்க. ரெண்டு மூணு நாளாவது ஆகும். எப்பவும் அப்படித்தான நடக்கும்."

சிம்ரா கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ பாட்டிலைக் குடுக்கும்போது சொன்னே," என்றாள். "அந்த வீட்ல ஒரு பொண்ணு மாசமா இருக்கான்னு."

"ஆமா. அந்த அக்காதான் எனக்குக் குடிக்க மோர் குடுத்தாங்க."

"அதனாலதான் மத்ததையெல்லாம் தள்ளி வச்சிட்டு அதை முதல்ல எடுத்தேன். அன்னைக்கு சாயங்காலமே முடிச்சுட்டேன். ராகவேந்திரன் சார்கிட்ட சண்டை போட்டு உடனே அனுப்ப வச்சேன். பாவம், பயந்துகிட்டு இருப்பாங்கன்னு."

அஸ்வத்தின் வாய் லேசாகத் திறந்தது. அவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பார்க்குக்கு வெளியே ஒரு பஸ் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஜஹீதா அஸ்வத்தின் பக்கம் திரும்பினாள். "மறுநாள் நீ போனியா?"

"எங்க?"

"கிணத்துக்கு. புதுசா எடுக்க."

"ஆட்டோ புடிச்சுப் போனேன். எடுத்தேன். லேபுக்கு வந்தா ரிப்போர்ட்டே போயிடுச்சுன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வேலையை விட்டுட்டேன்."

"எடுத்த பாட்டில்?"

"வீட்ல இருக்கு. பரண் மேல. கொட்ட மனசு வரல."

சிம்ரா எழுந்து நின்றுவிட்டாள். "மூடியைத் திறந்தியா?"

"இல்ல மேடம்."

"பிசிபி அழியாது ஆப்பா. அதுதான் அதோட கெட்ட குணமே. மூடின பாட்டில்ல எத்தனை மாசம் ஆனாலும் அப்படியே இருக்கும். இன்னிக்கே பார்த்துடலாம். இருந்துச்சா இல்லையான்னு சொல்லிடலாம்."

காலையிலிருந்து அவள் குரலில் உயிர் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

துரைசாமி சுரங்கப்பாதையில் விக்கி ஓட்டிய ஓட்டத்தைப் போலீஸ் யாரும் பார்க்கவில்லை என்பது அவனுடைய அதிர்ஷ்டம். மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்து. காரை நுழைக்க முடியாமல் கோவில் பக்கம் விட்டுவிட்டு நடந்தார்கள். இரண்டு பக்கமும் பூக்கடை, மாவுக்கடை, ஜெராக்ஸ் கடை. நொண்டிக்கொண்டே அஸ்வத் முன்னால் போனான். சிம்ரா அவனைத் தாண்டிப் போய்விடுவாள் போலிருந்தது.

மாடி வீட்டின் கதவைத் திறந்த அவன் மனைவி, இத்தனை பேரைப் பார்த்ததும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். அஸ்வத் எதுவும் சொல்லாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். பரணில் கையை விட்டுத் துழாவினான். ஒரு பழைய ஹெல்மெட் வந்தது. கொலு பொம்மை அட்டைப்பெட்டி வந்தது.

"என்ன தேடறீங்க?" என்றாள் அவள்.

"இங்க ஒரு பாட்டில் இருந்துச்சே. பழுப்பு கலர்ல."

"அதுவா." அவள் ஜன்னலைக் காட்டினாள்.

ஜன்னல் கம்பிக்குள் பழுப்பு பாட்டில் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு மணி பிளான்ட் கொடி கிளம்பி, கம்பியைச் சுற்றி, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல செழிப்பு.

"அழகா இருந்துச்சுன்னு செடி வச்சேன்," என்றாள் அவள். "ஏன், வேணுமா?"

சிம்ரா ஜன்னலருகே போனாள். "உள்ள இருந்த தண்ணி?"

"சிங்க்ல கொட்டிட்டேங்க. பழசா இருந்துச்சு. பாட்டில் உள்ளயும் ஒரே பிசுக்கு. சோப்புத்தூள் போட்டு, வெந்நீர் ஊத்தி, பிரஷ் விட்டுத் தேச்சப்புறம்தான் போச்சு."

"பிசுக்குன்னா?" என்றாள் ஜஹீதா.

"எண்ணெய் மாதிரி. தண்ணி மேல மினுமினுன்னு கலர் கலரா." எல்லோருடைய முகத்தையும் பார்த்து அவள் குரல் இறங்கியது. "தப்பு பண்ணிட்டேனாங்க?"

"இல்லம்மா," என்றாள் ஜஹீதா. வேறு என்ன சொல்வது.

சிம்ரா கொடியை மெல்ல உருவி எடுத்தாள். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. பிறகு கொடியைப் பழையபடி உள்ளே விட்டாள்.

"கண்ணாடில ஏதாவது ஒட்டிக்கினு இருக்காதா?" என்று விக்கி கேட்டான். வழக்கமான நக்கல் அவன் பேச்சில் இல்லை.

"சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேச்சாச்சே, சோதிக்கற அளவுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. எண்ணெய் இருந்ததுன்னு இப்போ தெரியும். என்ன எண்ணெய்னு தெரியாது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எல்லாத்துலயும் பிசிபி இருக்காது. கழட்ட வந்தவன் சொன்னது உண்மையான்னும் தெரியாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயோட கழிவுக்குப் போயிடுச்சு. யார்டைத் தோண்டி மண்ணை அள்ளிட்டுப் போய் கான்கிரீட் போட்டுட்டாங்க."

"பக்கத்து வீட்டுத் தண்ணி?" என்றாள் ஜஹீதா.

"போன வாரம் நானே எடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. ஆனா அது இன்னிக்குத் தண்ணி. அவங்க அன்னைக்குக் குடிச்சது போயிடுச்சு."

"அந்தப் பொண்ணோட ரத்தத்துல?"

"எங்க லேப்ல பார்க்க முடியாது. எங்கேயாவது அனுப்பலாம். இருக்குன்னே வரட்டும், கொஞ்சம் எல்லார் உடம்புலயும் இருக்கும், இந்தக் கிணத்துலேருந்து வந்ததுதான்னு சொல்ல முடியாது. அதை உடம்புலேருந்து எடுக்கறதுக்கு மருந்து இல்ல ஆப்பா."

ஜஹீதாவுக்குத் தன் தொழிலில் தோற்ற கேஸ்கள் உண்டு. ஆள் தப்பியது, சாட்சி புரண்டது, காலம் கடந்தது. இதில் அப்படி எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கண்டுபிடித்தாயிற்று. யார், எப்போது, எப்படி, ஏன். தாரணிக்கு வேண்டிய ஒன்றைத் தவிர.

"கிளம்பலாம்," என்றாள்.

அஸ்வத் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "நானும் வரேன் மேடம்."

மனைவி அவன் கையைப் பிடித்தாள். அவன் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

கொட்டிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது கடற்காற்று ஆரம்பித்திருந்தது. ராஜரத்தினம் கடையை முத்துலட்சுமியிடம் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தாரணிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று ஜஹீதா நினைத்திருந்தாள். ஆனால் அவர் நகரவில்லை. இந்தத் தடவை சிம்ரா காரில் தங்கவில்லை. அவளே பேசினாள். நடுவில் நிறுத்திய இடங்களில் அஸ்வத் பேசினான்.

ராஜரத்தினம் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்பம் கம்பெனிக்காரன் ஏமாத்தல," என்றார்.

"இந்த விஷயத்துல இல்லங்க," என்றாள் ஜஹீதா. "எண்ணெய் ஒழுகவிட்டது அவங்கதான். அதுக்குக் கேக்கலாம். கேக்கணும். ஆனா என்ன எண்ணெய்னு நம்மகிட்ட கேப்பாங்க."

"இவன் சட்டையப் பிடிக்கலாம்னு பாத்தா," அவர் அஸ்வத்தைப் பார்த்தார், "நடக்கவே முடியாம வந்து நிக்கான். இந்தப் பிள்ள எம் மகளுக்காவண்டி அவசரப்பட்டிருக்கு." கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில் கேட்டார். "நான் கெணத்த மூடாம விட்டிருந்தா தெரிஞ்சிருக்குமோ?"

சிம்ரா ஜஹீதாவைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கலாம்," என்றாள் சிம்ரா. "உறுதியா சொல்ல முடியாது அங்கிள்."

அவர் தலையாட்டினார். எழுந்து கடைப்பக்கம் போனார். யாரோ வேட்டி கேட்டு வந்திருந்தார்கள். எந்த அளவு என்று அவர் விசாரிப்பது கேட்டது.

"அந்த ரிப்போர்ட் தப்புன்னு நாளைக்கு எழுதிக் குடுத்துடுவேன்," என்றாள் சிம்ரா தாரணியிடம். "வேலை போகும். போகட்டும். ஆனா அதால உங்களுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல."

"தண்ணியில இருந்துச்சா இல்லையான்னு இனிமே தெரியவே தெரியாது. அப்படித்தானே?"

"ஆமா."

தாரணி அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட கேட்டேன். தயங்காம பால் குடுங்கன்னாங்க. பால் பவுடரை விடத் தாய்ப்பால்தான் நல்லதுன்னு சொன்னாங்க. ஆனா அவங்களுக்கு இந்தத் தண்ணி பத்தித் தெரியாது. நீங்க இதையே படிச்சவங்க. எனக்குள்ள அது இருந்தா பால்ல போகுமா?"

"போகும்," என்றாள் சிம்ரா மிக மெதுவாக. "இருந்தா."

"அப்போ நிறுத்திடவா?"

"இல்ல. இருந்தாலும் குடுக்கறதுதான் நல்லதுன்னு சொல்றாங்க. டாக்டர் சொன்னதையே கேளுங்க."

"சொல்றாங்க, சொல்றாங்கன்னு இல்ல. நீங்க என் இடத்துல இருந்தா குடுப்பீங்களா?"

சிம்ரா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். விக்கி வாசலில் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தான். உள்ளறையில் குழந்தை சிணுங்கி, சற்று நின்று, பிறகு பசியில் வீறிட ஆரம்பித்தது. முத்துலட்சுமி கடையிலிருந்து எட்டிப் பார்த்து, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

தாரணி அந்த அழுகையைக் கேட்டபடி சிம்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரிலிருந்து முதுகை நிமிர்த்தி, உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள்.

அழுகை நின்றது.